எய்யாத அம்பு

மகளின் பக்கத்து வீட்டுக்காரர் கையில் வில்லோடு நிற்கும் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். பழைய மாணவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள்: "சார், கோழிக்குழம்பே தொடாத நீங்கள் வேட்டைக்குப் போனீர்களா?" போனேன். வேடிக்கை பார்க்கத்தான். ஓர் உயிரைக் கொல்வதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனாலும் அங்கே பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள லா கிராஸ் ஊரில். சுற்றிலும் குன்றுகள், ஓக் மரக்காடு, இடையிடையே மக்காச்சோள வயல்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 71 வயது. பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அறிவியல் வாத்தியாரும் மரவேலை வாத்தியாரும் பேச ஆரம்பித்தால் கேட்கவா வேண்டும்!

அவர் வைத்திருப்பது பழைய முறை வில். இப்போது பலரும் பயன்படுத்தும் உருளை வைத்த வில்லை முழுக்க இழுத்துவிட்டால், கையில் தாங்க வேண்டிய பாரம் கால் பங்குக்கும் கீழே குறைந்துவிடும். அதில் குறிபார்க்கும் கருவியும் உண்டு. இவருடைய வில்லில் இரண்டும் கிடையாது. இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுக்க இழுத்த நிலையில் 42 பவுண்டு, அதாவது சுமார் 19 கிலோவை மூன்று விரல்கள் தாங்க வேண்டும். அதிக நேரம் பிடித்திருப்பது கடினம். முன்பு 55 பவுண்டு வில் வைத்திருந்தாராம். தோள் வலி வந்த பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். "இன்னும் எத்தனை வசந்தம் இந்தத் தோள் வரும் என்று தெரியவில்லை" என்றார்.

அம்பின் வாலில் ஒட்டியிருந்த மூன்று சிறகுத் துண்டுகளைக் காட்டினார். அம்பு தள்ளாடாமல் போக அவைதான் காரணம். அந்தச் சிறகும் வான்கோழியுடையதுதான்!

வான்கோழி என்றதும் நமக்கு ஔவையாரின் மூதுரைதான் ஞாபகம் வரும். மயிலைப் பார்த்துத் தானும் ஆடி அவமானப்பட்ட பறவை. எத்தனை வகுப்பில் கேட்டிருப்போம்! ஆனால் வட அமெரிக்கக் காட்டில் இருக்கும் இந்தப் பறவை மயிலைக் கண்டதே இல்லை. வசந்தத்தில் சேவல் வாலை விசிறியாக விரித்து, உடம்பை உப்பவைத்து, இறக்கை தரையில் உரச நடக்கும். தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் மாறும். அது யாரையும் பார்த்து ஆடுகிற ஆட்டமல்ல, அதன் சொந்த ஆட்டம்.

அதை வில்லால் வேட்டையாடுவது மிகக் கடினம். மோப்பம் குறைவு என்றாலும் கண் அபாரம். தலையை லேசாகத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். உப்பிய உருவத்தில் பெரும்பகுதி வெறும் இறகு. அம்பு பட்டதும் உயிர் போகக்கூடிய இடம் ஒரு கைப்பிடி அளவுதான். தவறினால் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். அதனால் 15 எட்டுக்கு மேல் தூரம் இருந்தால் அவர் எய்வதில்லை.

சேவலை வரவழைக்க அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிலேட்டு! வட்டமான சின்ன சிலேட்டும் ஒரு மரக்குச்சியும். குச்சியால் உரசினால் பெட்டை கூப்பிடுகிற மாதிரியே சத்தம் வருகிறது. இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். இங்கே சேவலைத் தேடி வரச்சொல்கிறோம். அது சந்தேகப்படாமல் இருக்குமா?

அவருக்குக் கிடைத்த அனுமதி ஏழு நாட்களுக்கு, மார்பில் தாடி போன்ற இறகுக்கற்றை உள்ள ஒரே ஒரு பறவைக்கு. நான் போனது ஏழாவது நாள். விடியுமுன்பே, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் கிளைகளைச் செருகி மறைவு கட்டி உட்கார்ந்தோம். குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. வெளுத்ததும் மேலே மரத்தில் அடைந்திருந்த சேவல் கொக்கரித்து இறங்கியது. தூரத்திலேயே ஒரு மணி நேரம் ஆட்டம். பிறகு மெதுவாக எங்கள் பக்கம் வந்தது.

பன்னிரண்டு எட்டு தூரத்தில் அது முதுகைக் காட்டித் திரும்பியது. விரிந்த வால் அதன் கண்ணை மறைத்தது. அந்த நொடிக்காகத்தான் அவர் காத்திருந்தார். வில்லை இழுத்தார். சேவல் பக்கவாட்டில் திரும்பியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவருடைய தோள் நடுங்குவது தெரிந்தது.

அம்பு போகவில்லை. நாணை மெல்லத் தளர்த்தினார். அந்த அசைவு போதும். சேவல் ஒரு வெட்டுச் சத்தம் போட்டது, மறு விநாடி காணோம்.

"அம்பு அவனோடு நிற்காது, உருவிக்கொண்டு போகும். நேர் பின்னால் அவள் வந்து நின்றாள்" என்றார். அப்போதுதான் புதருக்கு அருகே இருந்த பெட்டையைக் கவனித்தேன். முட்டையிடும் காலம் அது. ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை.

"துப்பாக்கி இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"அரை மணி முன்பே, 40 கஜத்திலேயே சுட்டிருப்பேன். அவன் இவ்வளவு அருகில் ஆடியதையும் பார்த்திருக்க மாட்டேன்."

இந்தப் பறவைகள் அங்கே இருப்பதே பெரிய கதை. காட்டை அழித்து, கணக்கில்லாமல் சுட்டு, 1880களுக்குள் விஸ்கான்சினில் காட்டு வான்கோழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1976இல் மிசௌரி மாநிலத்திடம் வான்கோழிகளை வாங்கி, பதிலுக்கு 'ரஃப்டு குரௌஸ்' என்ற வேறொரு காட்டுக்கோழியைக் கொடுத்தார்கள். லா கிராஸுக்குத் தெற்கே வெர்னான் கவுண்டியில்தான் முதலில் விட்டார்கள். 1983இல்தான் மறுபடி வேட்டைக்கு அனுமதி. இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு அந்தப் பணத்தைக் காட்டுயிர்களுக்குச் செலவிடும் சட்டம் 1937இல் வந்தது. பின்னாளில் வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. ஒரு தலைமுறைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அடுத்து வந்தவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

குறி தவறாமல் எய்யப் பயிற்சி போதும். ஆறு நாள் வெறுங்கையோடு திரும்பியவர், கடைசி நாளில், நடுங்கும் தோளோடு, கைக்கெட்டிய பறவையை வேண்டாம் என்று விடுவதற்கு வேறு ஏதோ வேண்டும். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தாத்தா காலத்து வில், கவண், உண்டிவில் கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். கதை மட்டும் போதும்! நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். வாத்தியார் சொல்லவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.