எல்லா ரத்தமும் மூலம் அல்ல

வடபழனிப் பக்கத்துச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' போஸ்டரைப் பார்க்காதவர்கள் குறைவு. அதனாலோ என்னவோ, மலம் போகும்போது ரத்தத்தைக் கண்டால் "சூடு, மூலமாத்தான் இருக்கும்" என்று மோரைக் குடித்துவிட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

பிளேடால் கீறியது போன்ற வலியும் கொஞ்சம் சிவப்பு ரத்தமும் என்றால் பெரும்பாலும் அது ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் கிழித்த காயம், அவ்வளவுதான். கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர், வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் உட்காருவது எனக் கவனித்தால் பலருக்கு 6 வாரத்துக்குள் ஆறிவிடும். வலிக்குப் பயந்து அடக்கினால்தான் வம்பு. மலம் இன்னும் இறுகும்.

வலியே இல்லாத ரத்தம் மூலமாகவும் இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம். போஸ்டரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மலத்தோடு கலந்த ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் மலப்போக்கு மாறுவது, ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. தார் போலக் கருத்துப் போனாலோ, ரத்தம் நிற்காமல் தலைசுற்றினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.