எத்தனை வாட் வேணும்?

வீட்டு ஸ்டீரியோவுக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப்போகிற நண்பர் இன்பாக்ஸில் கேட்டார், "100 வாட்டா, 150 வாட்டா?" "ஸ்பீக்கர் எது?" என்று திருப்பிக் கேட்டேன். இன்னும் முடிவு பண்ணவில்லையாம். பொண்ணு பார்க்கும் முன்னே மண்டபம் பிடிக்கிற கதைதான்.

வாட் இரட்டிப்பானால் கூடும் சத்தம் வெறும் 3 டெசிபல். 50-லிருந்து 100-க்குப் போனால் விலை எகிறும், காதுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கருக்குப் பதில் 90 எடுத்தாலே அந்த 3 டெசிபல் வந்துவிடும். சின்ன ஹாலில், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டாத அளவில் கேட்டால் பெரும்பாலும் ஓரிரு வாட்தான் செலவாகிறது.

1978-இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். சேனலுக்கு 20 வாட் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் இம்பீடன்ஸ் சரிந்து ஸ்பீக்கர் திடீரென்று அதிக கரண்ட் கேட்கும்போது தயங்காமல் கொடுத்தது. இன்றும் அதைத் தேடிப்பிடித்து, கெபாசிட்டர் மாற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே 8 ஓமில் எவ்வளவு, 4 ஓமில் எவ்வளவு, இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று பாருங்கள், ஆர்எம்எஸ் கணக்கில். (அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அடிக்கும் பிஎம்பிஓவைப் படித்துச் சிரித்துவிட்டு நகருங்கள்.) ரெக்கார்ட் பிளேயர் இருந்தால் ஃபோனோ இன்புட், டிவியையும் சேர்க்கணும்னா ஆப்டிகல்.

நண்பரே, ஸ்பீக்கரை முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, பேசுவோம்.