மூலைக்கு மூலை முனகிய மோட்டார்

வெள்ளவத்தையின் கடற்பக்கத்து ஒழுங்கைகளில் வாழ்வோர்க்குக் காலையிலே பழகிப்போன ஓசைகள் மூன்று: அலையின் இரைச்சல், கரையோர ரயிலின் தடதடப்பு, காலி வீதியில் விரையும் பஸ்களின் ஊதல். ஒரு சனிக்கிழமை நான்காவது ஓசையொன்றும் இவற்றுடன் சேர்ந்தது. நண்பர் மாஸ்டர் அவர்களின் பழைய மொறிஸ் மைனர், ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்குத் திரும்புகையில் "கிறீச்" என்று முனகிற்று.

கொட்டாஞ்சேனைக்குச் சென்று பொன்னம்பலவாணேசரைத் தரிசிப்பதே அன்றைய நோக்கம். பின்னாசனத்தில் மாஸ்டரின் துணைவியாரும் பேரப்பிள்ளைகள் இருவரும் அமர்ந்திருந்தனர். "வயசு போனால் முழங்கால் முனகுறதில்லையோ?" என்று மாஸ்டர் நகைத்தார். நாமும் நகைத்தோம். அந்நகைப்பு எத்துணைப் பேதைமை என்பதை உச்சிவேளைக்குள் அறிந்துகொண்டோம்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டபின், 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஆயினும் இலங்கையிலே அதற்கு ஆயுள் கெட்டி. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அத்தகைய நாட்டில் பழையதைப் பேணும் கலை வளர்வதில் வியப்பென்ன?

காலி வீதி பெரும்பாலும் நேரான வீதி. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி கடந்து காலிமுகத்திடலை அணுகும்வரை வண்டி வாய் திறக்கவில்லை. கடலை விட்டு நகருக்குள் திரும்பியதும் மீண்டும் முனகல். சிக்னல் விளக்கில் நின்றபோது மாஸ்டர் சுக்கானைச் சற்றே திருப்பினார். வண்டி அசையாமலே முனகிற்று! அப்போதே நாம் ஓர் உண்மையை உணர்ந்திருக்க வேண்டும். சில்லு சுழலாதபோதும் ஓசை வருமாயின், குற்றம் பிறேக்கிலோ, சில்லின் பெயறிங்கிலோ இருத்தல் அரிது. சுக்கானோடு திரும்பும் மூட்டுகளிலேயே அதனைத் தேடவேண்டும்.

நாமோ தேடாமலே வாங்கப் புறப்பட்டோம். மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையில் இறங்கி, "திரும்பும்போது முனகுகிறது, என்ன வாங்கலாம்?" என்று கேட்டோம். ஒரு கடையில் ஒரு பாகத்தைக் காட்டினர். அடுத்த கடையில் வேறொன்றைக் காட்டினர். நோயறியாமல் மருந்துக்கடையில் நிற்பவர் நிலைதான் எமது நிலை. வெறுங்கையுடன் ஆமர் வீதி வழியாகக் கொட்டாஞ்சேனையை அடைந்தோம்.

அங்கே ஒரு சிறிய கராஜில் முதியவர் ஒருவர் இருந்தார். "ஐயா, சத்தத்தைக் கடையிலை தேடாதேங்கோ, சில்லடியிலை தேடுங்கோ" என்றார். மாஸ்டரைச் சுக்கானை மெல்லத் திருப்பச் சொல்லி, மூட்டுகளின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தார். இடப்பக்கக் கீழ்மூட்டிலே விரல் நின்றது. "இதிலை அதிருது" என்றார்.

இவ்வண்டியின் முன்சில்லை நிமிர்ந்த தண்டொன்று தாங்குகிறது. அதன் இரு முனைகளும் ட்ரனியன் எனப்படும் கட்டைகளிலே திருகுபுரியாகப் பொருந்தியுள்ளன. சுக்கானைத் திருப்புகையில் தண்டு அப்புரியிலே சுழலும். ஒவ்வொரு பக்கத்திலும் கிறீஸ் ஏற்றும் வாய்கள் மூன்று: தண்டின் மேலும் கீழும் இரண்டு, சுக்கான் கம்பியின் முனையில் ஒன்று. கிறீஸ் வறண்டால் முதலில் முனகும். பின்னர்ப் புரி தேயும். முற்றத் தேய்ந்தால் மூட்டே கழன்று, ஓடும் வண்டியின் சில்லு சரிந்து மடியும்.

முதியவர் வண்டியை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்தினார். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் புகலாகாது. பாரம் நீங்கிய மூட்டுக்குள் புதிய கிறீஸை ஏற்றினார். துருநிறக் கசடு வெளியேறி, அதன்பின் தூய கிறீஸ் தோன்றிற்று. சுக்கானைத் திருப்பினால் ஓசையே இல்லை!

மாஸ்டர் திறப்பை வாங்கக் கை நீட்டினார். முதியவர் கொடுக்கவில்லை. சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். கீழ்மூட்டு தளர்ந்து ஆடிற்று. "சத்தம் போட்டுது, தேய்மானம் போகேல்லை. பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகாதேங்கோ" என்றார். பின்னாசனத்தை ஒருமுறை நோக்கிய மாஸ்டர், மறுவார்த்தை பேசவில்லை.

புதிய வண்டி வைத்திருப்போர்க்கும் அவர் சில சொன்னார். முன்சில்லால் இயங்கும் கார் திரும்பும்போது "டக் டக்" என்றால் அச்சுமூட்டைப் பார்க்க வேண்டும். சில கார்களில் பவர் ஸ்டீயரிங் பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். றப்பர் புஷ் முனகுவதாக ஐயமிருந்தால், சிறிது நீர் தெளித்துப் பார்க்கலாம். ஓசை சற்றே அடங்கினால் குற்றம் அங்கேதான். றப்பருக்குச் சாதாரண கிறீஸ் பூசலாகாது. அது உப்பிக் கெடும்.

வண்டியைக் கராஜிலேயே விட்டுக் கோயிலுக்கு நடந்தோம். பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பிய கோயில் அது. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கருங்கல்லாற் புதுக்கினார். அதன் தூண்களிடையே பிள்ளைகள் ஓடி விளையாடுவதை மாஸ்டர் நெடுநேரம் பார்த்திருந்தார். மாலையில் பஸ்ஸிலேயே வீடு திரும்பினோம்.

அடுத்த வாரம் மீண்டும் பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். இம்முறை வேண்டிய பாகத்தின் பெயரைத் தெளிவாகச் சொன்னோம். கடைக்காரர் உடனே எடுத்துத் தந்தார். பாகம் பூட்டப்பட்ட வண்டி இப்போது எங்கள் ஒழுங்கையில் திரும்பும்போது, பழைய மூன்று ஓசைகளே கேட்கின்றன. ஆயினும் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, முனகலுக்குக் காத்திராமலே, மாஸ்டர் கிறீஸ் குழலைக் கையில் எடுக்கிறார்.