நெல்லுக்குக் காவல்

நவரை அறுப்பு முடிந்திருக்கிறது. உத்திரமேரூர் ஏரிப் பக்கம் சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. பள்ளி விடுமுறை, மூன்று பிள்ளைகள் காவலுக்கு. நான் எதிரே புளியமர நிழலில் பஸ்ஸுக்காக நிற்கிறேன்.

பெரியவளுக்குப் பதினொன்று இருக்கலாம். பாவாடையைத் தூக்கிச் செருகி, பாதத்தை நெல்லுக்குள் அமுக்கிக் கோடு கோடாக இழுத்து நடக்கிறாள். ஈர நெல் மேலே வருகிறது. லாரிச் சத்தம் கேட்டதும் அவள் கண் தம்பியைத் தேடுகிறது, அப்புறம்தான் நெல். நடுப்பெண், விரட்டச் சொன்னால் ஆட்டை விரட்டுகிறாள், கேட்டால் தண்ணீர் எடுத்துத் தருகிறாள். வாயே திறக்கவில்லை. கடைக்குட்டி சாக்குமேல் புரண்டு ஐஸுக்கு அழுகிறான்.

"அழாதடா, ஆயா வந்ததும் வாங்கித் தரச் சொல்றேன்" என்கிறாள் பெரியவள். பிள்ளை பெற்றவள் குரல்.

வயல் பக்கமிருந்து அம்மா கூப்பிட, தூக்குவாளியோடு பெரியவள் போகிறாள். தலை மறைந்ததுதான் தாமதம், நடுப்பெண் பாவாடையை அதேபோலச் செருகிக்கொண்டு நெல்லில் இறங்குகிறாள். "டேய், ரோட்டுக்குப் போவாத! சொன்னா கேக்கமாட்ட?" இத்தனை நேரம் அந்தக் குரலை எங்கே வைத்திருந்தாள்? பையன் திரும்பி வந்து உட்கார்கிறான்.

பிறந்த வரிசை குணத்தை வார்க்கிறது என்று எழுதியவர் வியன்னாவின் ஆல்ஃபிரட் அட்லர். அவரும் ஓர் அண்ணனுக்குப் பின் பிறந்தவர். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2015இல் வந்த ஆய்வில், பொறுப்புணர்ச்சிக்கோ கலகலப்புக்கோ பிறந்த வரிசையோடு தொடர்பு தெரியவில்லை. இந்த நெல்லோரம் நின்று பார்த்தால் எனக்கு அது புரிகிறது. அக்கா என்பது வீடு தரும் வேலை. ஆள் நகர்ந்தால் அடுத்தவள் எடுத்துக்கொள்கிறாள்.

இந்த ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், பராந்தக சோழன் காலத்தில், 921இல் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஏரி வாரியம் உட்பட ஊர்ச்சபையின் எந்த வாரியத்துக்கும் 35 வயது நிரம்பாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது என்கிறது அது. ஓராண்டு பொறுப்பில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கே அத்தனை ஓய்வு கொடுத்தார்கள். அக்காவுக்கு அது ஒருநாளும் கிடைக்காதது எனக்கு வலிக்கிறது.

வெயில் தாழ, ஆயா வந்து சின்னவர்கள் இருவரையும் ஐஸ் வண்டிக்குக் கூட்டிப்போகிறாள். திரும்பி வந்த பெரியவள் மட்டும் நெல்லைக் குவிக்கிறாள். கடைசிக் கூடையும் ஆனபின், சாலையில் படிந்த தூசியில் துடைப்பக் குச்சியால் கட்டங்கள் கிழிக்கிறாள். ஓட்டாஞ்சில்லு ஒன்றைத் தேடி எடுத்து எறிந்துவிட்டு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு பாண்டி ஆடுகிறாள். என் பஸ் வந்துவிட்டது.