கிளி முடிந்தது, தரை பாக்கி

மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச். ஜோடிக் கிளி, நடுவில் கொய்யாக் கிளை. டேபிள் விரிப்பாகியிருக்க வேண்டியது, பரணில் டிரங்குப் பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடந்தது. வளையத்தைக் கழற்றாமலே மடித்து வைத்ததில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. ஊசி குத்தியிருந்த இடத்தில் துரு. கறை துவைத்தால் வெளுக்கும். துரு போகாது, அதன்மேல் தையல்தான் போட வேண்டும்.

*

கிளிகளின் மூக்கு, கழுத்து வளையம் எல்லாம் முடிந்திருக்கின்றன. நிற்பது தரை. ஒரே நிறத்தில் கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை. தெருவில் விசாரித்தாலும் இதே கதைதான்: மயில் முடிந்திருக்கும், வானம் நின்றிருக்கும். கல்யாணம், பிள்ளை, வேலை என்று காரணம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கென்னவோ சலிப்புதான் நிஜக் காரணம் என்று படுகிறது.

*

விட்ட இடத்தில் தொடரும்போது முதலில் பார்க்க வேண்டியது, மேல்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று. கிராஸுக்கு இரண்டு கால். எல்லாக் கட்டத்திலும் மேல்கால் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நூலின் பளபளப்பு ஒன்றுபோல இருக்கும். மாறினால் நிறமே வேறு மாதிரி தெரியும்.

என் அன்றைய கை இழுத்துத் தைக்கும் கை. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பொடி ஓட்டை. இன்றைய கை தளர்வு. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எல்லை துல்லியமாகத் தெரிகிறது. பழையதைப் பிரித்துவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். “பிரிச்சா துணி தாங்காது, பேசாம போடு” என்றார்.

*

எங்கள் மீஞ்சூரில் வெள்ளைத் துணி துவைப்பது தனிப் பாடம். மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்காக 1960களின் பிற்பகுதியில் இந்தப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். இறைக்க இறைக்க, நிலத்துக்கடியில் கடல்நீர் உள்ளே ஏறியது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பெயர் மீஞ்சூர் ஆலை, தண்ணீர் போவது சென்னைக்கு. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. விரிப்பை அலச கேன் தண்ணீர் வாங்கினேன். மொட்டை மாடியில் காயப்போடுவதும் நடக்காது, கரித்தூசி. கூடத்து மின்விசிறிக்கு அடியில்தான்.

*

துவைக்கும் முன் ஈரப் பஞ்சை சிவப்பு நூலில் அழுத்திப் பார்க்க வேண்டும். பஞ்சில் ரோஸ் நிறம் ஏறினால் தண்ணீரில் போடவே கூடாது.

சிவப்பென்றதும் பழவேற்காடு ஞாபகம் வருகிறது. இங்கிருந்து வடக்கே, பொன்னேரி தாண்டிப் போக வேண்டும். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டி உட்கார்ந்தது துணி வாங்கத்தான். சோழமண்டலக் கரைத் துணிகளின் பெருமையே சாயவேர்ச் சிவப்பு. வைத்தியர்கள் இம்பூறல் என்பார்களே, அந்தச் செடியின் வேர். துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் கெட்டியாக நிற்கும் சாயம் அது. ஜெர்மானியர்கள் 1869 வாக்கில் அலிசரினை ஆலையில் செய்ய வழி கண்டுபிடித்த பிறகு வேரைத் தோண்டுவாரில்லை. வேர் இருந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைச் சிவப்பு ஓடுமா ஓடாதா என்று பஞ்சு வைத்துப் பார்க்கிறோம்.

*

பக்கத்து வீட்டுப் பெண் ஆரி வகுப்புக்குப் போகிறாள். கட்டில் மாதிரி சட்டத்தில் ரவிக்கைத் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல், கூடவே ஜமிக்கி, பாசி. கல்யாண ரவிக்கை ஒன்றுக்கு நல்ல கூலி. என் கிளிகளைப் பார்த்துவிட்டு, “இத மெஷின்லயே போட்டுடலாமே ஆன்ட்டி” என்றாள். போடலாம். கிராஸ் ஸ்டிச்சுக்குக் கூலி தருவார் யாருமில்லை என்பதும் வாஸ்தவம்.

*

நூல்தான் பெரிய பாடு. ஆங்கர் நூல் ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. மேட்டிக்கு இரண்டு, மூன்று இழையாகப் பிரித்துக்கொள்வோம். ஒரே நம்பர் வாங்கினாலும் சாயம் போட்ட தொட்டி வேறானால் நிறம் ஒரு மாற்று ஏறும், இறங்கும். இணைகிற வரிசைகளில் பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று சேர்த்துக் கோத்துத் தைத்தால் கண் ஏமாறும். ஆனால் அதற்கு முதலில் நம்பர் தெரிய வேண்டும். கண்டைச் சுற்றியிருந்த காகிதச் சீட்டைக் காணோமென்றால் கடைக்காரர் வண்ண அட்டையை நீட்டுவார். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதான். பாதியில் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சீட்டுகளை மட்டும் துணியோடு சேர்த்துக் குண்டூசி குத்தாமல் நூலால் கட்டி வையுங்கள்.