தெக்க ஒதுங்கு

2025 ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் மகள் கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "முழுகிட்டா என்ன பண்றது?" அனகாபுத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம்தான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அடையாறு. 2015 டிசம்பரில் அது ஏறிய உயரத்தை இன்றும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். என் கவலை வேறு. நீச்சல் தெரிந்த பெண்; காலைப் போர்டோடு பிணைக்கும் லீஷ் கயிறு கட்டியிருக்கும், அடியில் மிதக்கும் போர்டு இருக்கும், பக்கத்தில் பயிற்சியாளர் நிற்பார். அலைச்சறுக்கில் படும் காயங்களில் பெரும்பகுதி போர்டு இடித்து வருவது. பல சமயம் தன் போர்டு, சில சமயம் அடுத்தவர் போர்டு. போர்டில் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறது. கரையிலிருந்து அலை உடையும் இடத்தைத் தாண்டி உள்ளே போவது எப்படி என்பதை அவள் ஒழுங்காகக் கற்கிறாளா என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடிவதற்குள் கிளம்பி பம்மல், பல்லாவரம், ரேடியல் சாலை, துரைப்பாக்கம், பிறகு கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். வழி முழுக்க அவள் கேட்டது, "சித்தப்பா, இன்னைக்கே நின்னுடுவேனா?" என்பதுதான்.

நிற்கவில்லை. பயிற்சியாளர் தம்பி, மீனவக் குடும்பத்துப் பையன், போர்டைத் தொடவே விடாமல் வெகுநேரம் மணலில் உட்கார வைத்துவிட்டான். "கடலைப் பாருங்க பாப்பா. எங்க உடையுது, எங்க உடையாம இருக்குது, அத்த மட்டும் பாருங்க." அலைகள் ஒரே சீராக வருவதில்லை. நாலைந்து பெரியவை கூட்டமாக வரும், பிறகு கடல் கொஞ்சம் ஓயும். பெரிய கூட்டத்தை இங்கே எல்லோரும் செட் என்கிறார்கள். செட் முடிந்து ஓயும் அந்த நேரத்தில்தான் உள்ளே போக வேண்டும். அவளுக்குச் சலிப்பு. எனக்கு அந்தத் தம்பியின் மேல் மரியாதை கூடியது.

ஜூன் 15, ஞாயிறு

இந்த மாதங்களில் நம் கரைக்கு அலை தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. தெற்கு முனையில் முதலில் உடைந்து, வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். சறுக்குகிறவரும் கரையைப் பார்த்தபடி தன் வலப்பக்கம், அதாவது வடக்கே, அலையின் உடையாத பச்சைச் சுவரில் ஓடுவார். அவருக்கு முதுகுப் பக்கம், தெற்கே, வெள்ளை நுரை.

ஒரு அலைக்கு ஒரு ஆள். முதலில் உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அலை அவருக்கு. அவர் கிளம்பிவிட்ட அலையில் முன்னால் போய் ஏறுவதற்கு டிராப் இன் என்று பெயர். உலகம் முழுக்க அலைச்சறுக்குக்காரர்கள் மன்னிக்கச் சிரமப்படும் குற்றம் அது. இது பலருக்கும் தெரிந்த விதி. உள்ளே போகிறவருக்கான விதி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கற்றுக்கொள்ளும் ஆள் அதிக நேரம் இருப்பதோ இந்த நிலையில்தான்.

முதல் வழி சுலபம்: சறுக்குகிறவர்கள் ஓடும் பாதைக்குள் போகாமல், அலை உடையாத வடக்கு ஓரமாகச் சுற்றிப் போவது. தூரம் அதிகம், கை வலிக்கும், ஆனால் யாருக்கும் குறுக்கே வர மாட்டோம். பாதி வழியில் செட் வந்து மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். எதிரே ஒருவர் அலையில் இறங்கி நம்மை நோக்கி வருகிறார். நம் உடம்பு என்ன சொல்லும்? உடையாத பக்கம், வடக்கே, துடுப்புப் போட்டு ஓடு என்று சொல்லும். அங்கே நுரை இல்லை, அடி இல்லை. ஆனால் அவரும் அங்கேதான் போகிறார். அப்படிப் போனால் அவர் பாதையிலேயே அவரோடு போட்டி போடுகிறோம். சரியான பதில் அவருக்குப் பின்புறம், தெற்கே, வெடிக்கும் நுரைக்குள் போவது. அலை நம்மைக் கரை நோக்கி உருட்டும், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும், சேர்த்த தூரமெல்லாம் போகும். உள்ளே போகிறவர் அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும்; அலையில் வருகிறவருக்கு வழி திறந்திருக்க வேண்டும். அலையில் பிரேக் கிடையாது என்பதால் இதை நான் நியாயம் என்றே நினைக்கிறேன்.

அதற்காகச் சறுக்குகிறவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. இடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் அலையை விட்டு வெளியேற வேண்டியது அவர் கடமை. முன்னுரிமை இருப்பதால் ஒருவர் மேல் ஏறிப் போகலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முதல் நாள் நான் கவலைப்பட்ட போர்டு ஆபத்தை இன்று கண்ணால் பார்த்தேன்.

சனி ஞாயிறுகளில் வாடகைக்குப் போர்டு எடுத்து நேரே தண்ணீருக்குள் வருகிறவர்கள் உண்டு. ஒருவர், முப்பது வயதிருக்கும், நீல நிறப் போர்டு, எட்டு அடி. இடுப்பளவு ஆழம் தாண்டியதும் ஒரு பெரிய நுரை வந்தது. பயந்துபோய்ப் போர்டைப் பக்கவாட்டில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் முங்கினார். போர்டு அலைக்குக் குறுக்காகத் திரும்பி, பலகை நிமிர்ந்து, லீஷ் இழுபட்டு விறைக்கும் வரை பின்னால் பறந்தது. அவருக்குப் பின்னால் அண்ணன் மகள். அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி அந்தப் போர்டின் அடியில் நீட்டியிருக்கும் ஃபின் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனதைக் கரையிலிருந்து பார்த்தேன். கத்துவதற்குக்கூட நேரம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். போர்டு எட்டு அடி. லீஷ் ஏறக்குறைய போர்டு நீளமே இருக்கும், அதுவும் எட்டு அடி. போதாததற்கு அது இழுபட்டு நீளும். ஒருவர் போர்டை விட்டுவிட்டால் அவருக்குப் பின்னால் பதினாறு அடிக்கு மேல் ஆபத்தான இடம். ஒரு கன மீட்டர் கடல் நீர் ஏறத்தாழ 1,025 கிலோ எடை. அந்தத் தண்ணீர் தள்ளும்போது மெத்தென்ற ஃபோம் போர்டும் மெத்தென்று இருக்காது.

லீஷ் கலிஃபோர்னியாவில் ஓநீல் குடும்பத்தில் உருப்பெற்று, 1970களின் தொடக்கத்தில் பரவியது. மகன் பாட் ஓநீல் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். தந்தை ஜாக் ஓநீல், அலைச்சறுக்கு உடைகளால் உலகப் பெயர் பெற்றவர், 1971இல் லீஷில் கட்டிய போர்டு சுண்டித் திரும்பி அடித்ததில் இடது கண்ணை இழந்தார். அதற்குப் பிறகு அவர் கறுப்புக் கண்பட்டை அணிந்த முகமே அந்த நிறுவனத்தின் அடையாளமாகிவிட்டது. லீஷ் வருவதற்கு முன் போர்டை விட்டால் கரை வரை நீந்திப் போய் எடுக்க வேண்டும். அதனாலேயே மனிதர்கள் போர்டை இறுகப் பிடிக்கக் கற்றார்கள். இப்போது போர்டு எங்கேயும் போகாது என்ற தைரியத்தில் விட்டுவிடுகிறார்கள். லீஷ் போர்டு தொலையாமல் காக்கும். பின்னால் வருகிறவரைக் காக்காது.

நீளமான ஃபோம் போர்டு நன்றாக மிதப்பதால், அதை அமுக்கிக்கொண்டு அலைக்கு அடியில் புகுந்து போவது நடக்காது. ஆமை மாதிரி புரள வேண்டும். டர்ட்டில் ரோல் என்பார்கள். போர்டின் மூக்கை அலைக்கு நேராக வைத்து, இரண்டு ஓரத்தையும் தோளுக்கு அருகில் இறுகப் பிடித்து, ஒரு மூச்சு எடுத்துக் கவிழ்ந்துவிட வேண்டும். போர்டு மேலே, நாம் அடியில். நுரை தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும். கொஞ்சம் காலை உதைத்துப் புரண்டு எழ வேண்டும். மூக்கு ஒரு சாண் கோணினாலும் அலை போர்டைப் பிடுங்கிவிடும். மதியம் வரை அவளுக்கு இதையே சொல்லிக்கொடுத்தோம். ஒருமுறைகூட எழுந்து நிற்காமல் வீடு திரும்பினாள், முகம் வாடவில்லை.

அந்த நீலப் போர்டுக்காரரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு போர்டைக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஜூலை 6, ஞாயிறு

வடக்கு, தெற்கு என்று நான் எழுதிக்கொண்டே வருவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் வரை அவளுக்கு "ரைட்ல போ, ரைட்ல போ" என்று கத்திக்கொண்டிருந்தேன். எதிரே சறுக்கி வந்த பெண்ணும் அதைக் கேட்டுத் தடுமாறினாள். கடலைப் பார்த்திருப்பவரின் வலது, கரையைப் பார்த்து வருகிறவரின் இடது. மோதலைத் தவிர்க்கக் கத்தும் வார்த்தையே இரண்டு பேரையும் குழப்பிவிடலாம்.

பயிற்சியாளர் தம்பிக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவன் "தெக்க! தெக்க!" என்றுதான் கூப்பிடுகிறான். மீனவர் பேச்சே அப்படித்தான். நீரோட்டம் தெற்கிலிருந்து ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து ஓடினால் வண்ணி. காற்றுக்கும் அப்படித் திசை பார்த்து வைத்த பெயர்கள். கட்டுமரத்தில் ஒருவர் முன்னால் பார்த்தும் ஒருவர் பின்னால் பார்த்தும் இருந்தாலும் தெற்கு மாறாது. தெண்டி ஓடும் நாளில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வடக்கே தள்ளிக்கொண்டு போகும். எங்கே இறங்கினால் எங்கே போய்ச் சேருவோம் என்பதையும் அவன் அதை வைத்தே சொல்லிவிடுகிறான்.

இன்று காலை ஃபைபர் படகு ஒன்று வலையோடு கரை ஏறியது. தம்பி விசிலடித்தான், அலைக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கினார்கள். நல்ல அலை ஒன்று வந்தது, ஒருவரும் தொடவில்லை. படகு உடையும் அலைக்கு முன்னால் வந்துவிட்டால் பின்னால் அலை ஏறித் தள்ளும். நேராக மணலுக்கு ஏற்றியாக வேண்டும். குறுக்கே திருப்பினால் கவிழ்ந்துவிடும். பின்னால் இன்ஜினின் இறக்கை சுழன்றுகொண்டிருக்கும். அலைச்சறுக்கு நூல்கள் பெரும்பாலும் படகு ஏறாத கரைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் கரையில் முதல் விதி படகுக்கு வழிவிடுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே அலைச்சறுக்கை வளர்த்தவர்களும் இந்த மீனவக் குப்பத்துப் பிள்ளைகள்தான். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012இல் நண்பர்களோடு கோவளம் பாயின்ட் பள்ளியைத் தொடங்கி, ஊர்ப் பையன்களைப் பயிற்சியாளர்களாக்கினார். நகரத்திலிருந்து போகிற நாம் தண்ணீரில் இறங்கியதும் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்து, ஓரமாக உட்கார்ந்து, நம் முறை வரும் வரை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

இந்த மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப். இந்தியாவில் நடப்பது இதுவே முதல் முறை. ரமேஷ் புடிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் இந்தியர் ஒருவருக்குத் தனிநபர் பதக்கம் கிடைப்பதும் முதல் முறை. அடுத்த ஆண்டு ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கும் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே போவார்கள் என்று நம்புகிறேன்.

போட்டியில் அலைக்குப் பத்து மதிப்பெண், சிறந்த இரண்டு அலைகள் கணக்கில் வரும். முன்னுரிமை பெற்றவரின் அலையில் குறுக்கிட்டால் நடுவர்கள் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். நன்றாகச் சறுக்கியவரும் அந்த ஒரு குறுக்கீட்டால் தோற்பதுண்டு. அண்ணன் மகளிடம் வீடியோ காட்டினேன். அவள் பறந்து திரும்பும் வித்தைகளைப் பார்க்கவில்லை. சறுக்கி முடித்தவர்கள் திரும்ப உள்ளே எந்த வழியாகப் போகிறார்கள் என்று பார்த்தாள். "எல்லாரும் சுத்தித்தான் போறாங்க சித்தப்பா."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவள் எழுந்து நிற்கிறாள் இப்போது. இன்று நான் எழுத வேண்டியது அதைப் பற்றி இல்லை.

நடுவழியில் மாட்டிக்கொண்டாள். தோள் உயர அலையில் ஊர்ப் பையன் ஒருவன் இறங்கினான், நேராக அவளை நோக்கி. இந்த இடத்தில் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டு அப்படியே உறைந்துபோகிறவர்கள் அதிகம். இல்லையென்றால் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. சறுக்குகிறவரால் எதையும் ஊகிக்க முடியாது. அவர் எதைப் பார்க்கிறாரோ போர்டும் அதை நோக்கியே திரும்பும். அவள் பையனின் கண்ணைப் பார்த்தாள், மூக்கைத் தெற்கே திருப்பினாள், மாற்றவே இல்லை. பையன் வடக்கே சாய்ந்து போய்விட்டான். நுரை அவளை முழுதாக விழுங்கியது. போர்டைப் பிடித்தபடியே கவிழ்ந்து, வெகுதூரம் கரைப்பக்கம் தள்ளிப் போய் எழுந்தாள். பையன் அலையின் முடிவில் திரும்பி ஒரு கை தூக்கினான்.

கரையில் வாடகைப் போர்டு எடுக்க நிற்கிறவர்களிடம் இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். தமிழில் ஒரு தட்டி எழுதி வைப்பதற்கும் ஒத்துக்கொண்டான். முதல் வரி படகு, இரண்டாவது போர்டை விடாதே. மூன்றாவது, தெக்க ஒதுங்கு. அதில்தான் அவனுக்கு ஒரு சந்தேகம்.

"சிட்டில இருந்து வர்றவங்களுக்குத் தெக்கு எதுன்னு தெரியுமா சார்?"

நான் யோசிப்பதற்குள் அண்ணன் மகள் சொல்லிவிட்டாள்: "காலைல சூரியனைப் பாத்து நிக்கச் சொல்லுங்க அண்ணா. வலது கைப் பக்கம் தெக்கு. ஒரு தடவை மணல்ல நிக்க வெச்சுக் காட்டிட்டா போதும்."

அடுத்த ஞாயிறு பெயிண்ட் வாங்கிக்கொண்டு போகிறோம்.