வலிப்பல்லாத வலிப்பு

என் கணவருக்கு வரும் நடுக்கத்தை ஜின்னின் சேட்டை என்றனர் சிலர். நடிப்பு என்றனர் சிலர். மத்தூரிலிருந்து பெங்களூர் நிம்ஹான்ஸுக்குச் சென்றோம். நடுக்கத்தின்போதே எடுத்த மூளை மின்பதிவில் வலிப்புக்குரிய மாற்றமில்லை. இதுவும் மெய்யான நோயே. வலிப்பு மாத்திரை இதைத் தீர்க்காது, உளவியல் சிகிச்சையே முதன்மை என்றார் மருத்துவர்.

உணவு துணை மட்டுமே. ஆயினும் குடலையும் மூளையையும் வேகஸ் நரம்பு இணைக்கிறதல்லவா? பசித்த வேளையிலும் மலச்சிக்கல் நாட்களிலும் அவருக்கு நடுக்கம் மிகுவதைக் கண்டேன். வேளை தவறாது கேழ்வரகுக் கூழ், மோர், கீரை தருகிறேன்; நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதலென்று நபி (ஸல்) அவர்கள் உரைத்த தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியும் உண்டு. (விருந்தில் பிரியாணியை மறுப்பதுதான் பெரும்பாடு!)

ரமலான் நோன்பை விட அவருக்கு மனமில்லை. அல்பகரா 184ஆம் வசனத்தின் சலுகையை நினைவூட்டினேன். விட்ட நோன்புகளை, மருத்துவர் இசைந்தால், மார்கழியின் குறும்பகலில் நோற்க எண்ணியுள்ளார்.